இரண்டு ரூபாய் டிரான்சிஸ்டரும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

சாலிடரிங் அயர்ன் மறுபடியும் வீட்டு மேஜைக்கு வந்திருக்கிறது. பிள்ளைகள் கையில் அது என்ன செய்கிறது, எங்கே தடுக்கிறது, எங்கே சுடுகிறது?

காலை ஆறே முக்கால். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. சமையலறையில் இட்லிக் கொப்பரை ஆவி விடுகிறது. வாசலில் பாட்டி கோலத்தை முடித்துவிட்டு இடுப்பை நிமிர்த்துகிறார். அந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் மேலிருக்கும் சோப்பு டப்பா 'கீ...' என்று கத்துகிறது.

"அம்மா, மோட்டாரை நிறுத்தும்மா!"

ஒரு பக்கச் சடை மட்டும் பின்னிய தலையோடு ஒன்பதாம் வகுப்புப் பெண் அறையிலிருந்து ஓடி வருகிறாள். மோட்டார் நிற்கிறது. மாடிக் குழாயிலிருந்து ஒரு சொட்டுகூட வழியவில்லை. பாட்டி என்னைப் பார்த்துச் சொல்கிறார்: "எத்தனை வருஷமா தண்ணி பக்கத்து வீட்டுச் சுவத்துல கொட்டிக்கிட்டிருந்துச்சு. இப்ப சண்டையே இல்ல."

தாம்பரத்தை அடுத்த ஒரு தெருவில் இருக்கிறது இந்த வீடு. சோப்பு டப்பாவைத் திறந்து காட்டினாள் அவள். உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு பஸ்ஸர், ஒரு ரெசிஸ்டர், பிசி 547 என்ற சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று. அந்த டிரான்சிஸ்டரின் விலை இரண்டு ரூபாய். மாடிக்குப் போகும் வயரை விட்டுவிட்டால் மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள்தான். இரண்டு கம்பி நுனிகள் தொட்டிக்குள் தொங்குகின்றன. தண்ணீர் ஏறி இரண்டையும் நனைக்கும்போது அதன் வழியே மிக மெல்லிய மின்னோட்டம் டிரான்சிஸ்டருக்கு வருகிறது. டிரான்சிஸ்டர் அதை நூறு மடங்குக்கு மேல் பெருக்கி பஸ்ஸரை அலற வைக்கிறது. அரை நூற்றாண்டாகப் பொழுதுபோக்கு எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் செய்துவரும் பழைய சர்க்யூட் இது.

இந்தக் கட்டுரை எழுத எனக்குக் காரணமாக அமைந்தது அந்த டப்பா வேலை செய்தது அல்ல. மூன்றாவது வாரம் அது வேலை செய்யாமல் போனதுதான்.

தொட்டி வழிந்தது, பஸ்ஸர் வாயே திறக்கவில்லை. பேட்டரி புதிது. டிரான்சிஸ்டரை மாற்றினாள், பயனில்லை. மாடியேறிக் கம்பிகளை வெளியே எடுத்தபோது ஒரு நுனி பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது, இன்னொன்று அப்படியே இருந்தது. ஏன் ஒன்று மட்டும்? அரித்தது பேட்டரியின் பாசிட்டிவ் பக்கக் கம்பி. பத்தாம் வகுப்பு அக்காவின் வேதியியல் புத்தகத்தைப் புரட்டியபோது மின்னாற்பகுப்பு என்ற பாடம் கண்ணில் பட்டது. நேர்மின்வாயில் இருக்கும் செம்பு கரைந்து தண்ணீருக்குள் போகும். சரி, ஆனால் தொட்டி நிறைந்ததும் அவள் டப்பாவின் ஸ்விட்சை அணைத்துவிடுவாளே, பிறகு எப்படி அரிக்கும்? இரண்டு நாள் யோசித்திருக்கிறாள். ஸ்விட்சைப் பஸ்ஸருக்குப் போகும் வழியில் வைத்திருந்தாள். சத்தம்தான் நின்றது. தண்ணீர் வழியே டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகும் மின்னோட்டம் தொட்டி நிறைந்திருந்த நேரமெல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்விட்சைப் பேட்டரியின் வாயிலேயே மாற்றி வைத்தாள். செம்பு நுனிக்குப் பதில் எவர்சில்வர் திருகு போட்டாள். இன்றுவரை பஸ்ஸர் தவறவில்லை.

அந்த இரண்டு நாளில் அவளுக்குக் கிடைத்ததை எந்தப் பாடவேளையும் தந்துவிடாது என்று நான் நம்புகிறேன். வீட்டு எலெக்ட்ரானிக்ஸ் மீது இவ்வளவு அக்கறை கொள்ள வேண்டியதும் இதற்காகத்தான்.

ரேடியோ பெட்டி காலம்

இது புதிதாக முளைத்த மோகம் இல்லை. வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் அஞ்சலகத்தில் லைசென்ஸ் எடுத்து ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்ற நிலை 1980கள் வரை இருந்தது. அந்த நாளிலேயே ஊருக்கு ஒருவராவது லோக்கல் செட் கட்டித் தருபவர் இருந்தார். இலங்கையில் 1982-இல் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியதும் நம் கடலோர ஊர்களில் ஆன்டெனாக் கம்பங்கள் தென்னை உயரத்துக்கு எழுந்தன. பூஸ்டர் கட்டத் தெரிந்தவர் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது.

அதற்குப் பின் வந்தது ஆம்ப்ளிஃபயர். கோயில் கொடைக்கு மைக் செட், டீக்கடைக்கு ஒரு பெட்டி, வீட்டுக்கு 5.1 என்று தமிழகச் சிற்றூர்களில் 'அசெம்பிள் செட்' ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. டிடிஏ 2030, எஸ்டிகே 4141 என்று ஐசி எண்களைத் தாய்மாமன் பெயர் சொல்வதுபோல் சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களில் பலர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் நடுக்கம்பி ஏன் வேண்டும் என்று கேட்டால் தரையில் குச்சியால் கோடு போட்டே விளக்கிவிடுவார்கள்.

ரிச்சி தெருவில் ஒரு பிற்பகல்

சென்னை அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் அதோடு பின்னிக் கிடக்கின்றன. பைக்குகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்துதான் கடைகளுக்குள் நுழைய வேண்டும். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பு ரெசிஸ்டர். கல்லூரி மாணவன் ஒருவன் ஃபோனில் இருந்த பட்டியலை நீட்ட, கடைக்காரர் பெட்டிகளைப் பார்க்காமலேயே கையை விட்டு எடுத்துப் போடுகிறார்.

"அண்ணா, 5200-1943 ஜோடி வேணும்."

"எதுல போடப் போற தம்பி? ஒரிஜினலா, காப்பியா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் கடைசிக் கட்டத்தில் சுமையைத் தாங்குபவை இந்த டிரான்சிஸ்டர்கள். போலியும் அசலும் வெளியே ஒரே உடுப்புதான். உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு போலியில் மிகச் சிறியதாக இருக்கும். மெதுவாகப் பாடும்வரை வித்தியாசம் தெரியாது. சத்தத்தைக் கூட்டியதும் வெடித்துவிடும், சில சமயம் ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொண்டுபோகும். தன் சர்க்யூட்டில்தான் தப்பு என்று நினைத்து மனம் விட்டுப்போன பையன்கள் எத்தனையோ பேர். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் வேண்டுகோள் இது: முதல் முறை எரிந்தால் உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள், முதலில் உதிரிபாகத்தைச் சந்தேகப்படுங்கள்.

*பெட்டிச் செய்தி*
அரசன் பெயரில் ஒரு பார், பார் பெயரில் ஒரு போர்டு
இத்தாலியின் இவ்ரேயாவை ஆண்டு, 1002-ஆம் ஆண்டு அந்நாட்டு அரியணை ஏறிய மன்னர் அர்துயின். அவர் பெயரில் அந்த ஊரில் ஒரு மதுக்கூடம் இருந்தது. அதே ஊரிலிருந்த வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் மாசிமோ பான்சியும் நண்பர்களும் 2005-இல் ஒரு மின்னணுப் பலகையை உருவாக்கினார்கள். எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் மலிவாக வாங்கி எளிதாகப் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். தாங்கள் வழக்கமாகக் கூடும் அந்த மதுக்கூடத்தின் பெயரையே வைத்தார்கள்: ஆர்டுயினோ. 2010-இல் வந்த 'யூனோ' மாடலின் மூளைக்கு 32 கிலோபைட் நினைவகம், 16 மெகாஹெர்ட்ஸ் வேகம். வரைபடத்தை அவர்கள் உலகுக்கே திறந்து வைத்ததால்தான் இன்று அதன் நகல் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

ரெடிமேட் புராஜெக்ட்

ஆர்டுயினோவும், வைஃபை சேர்ந்த இஎஸ்பி 32 போன்ற பலகைகளும் கதவைத் திறந்துவிட்டன. யூடியூபில் தமிழிலேயே பாடம் கிடைக்கிறது. சென்சார், ரிலே எல்லாமே குட்டிப் பலகைகளாக வருகின்றன. ஜம்பர் வயரைச் செருகி, யாரோ எழுதிய நிரலை ஏற்றினால் விளக்கு எரியும். தொடக்கத்துக்கு இது நல்லதுதான். முதல் நாளே எரிந்த விளக்கு தரும் உற்சாகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அங்கேயே நின்றுவிடுபவர்கள்தான் அதிகம். பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டில் இது நோயாகவே முற்றிவிட்டது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகளைச் சுற்றி வந்தால், செய்து முடித்த புராஜெக்ட்டும் அச்சடித்த அறிக்கையும் ஒரே பையில் கைமாறுவதைப் பார்க்கலாம். வாய்மொழித் தேர்வில் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களும் அந்தப் பையிலேயே இருக்கும். பார்வையற்றோருக்கான கைத்தடி, கண்ணயர்ந்தால் எழுப்பும் ஓட்டுநர் கண்ணாடி என்று ஒரே தலைப்புகள் ஆண்டுக்கு ஆண்டு திரும்ப வருகின்றன. நான்கு ஆண்டுகள் மின்னணுவியல் படித்துவிட்டு ஒருமுறைகூட ஈயத்தை உருக்காமல் வெளியேறும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. அவர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. தவறிப்போன புராஜெக்ட்டுக்கு மதிப்பெண் தராத இடத்தில், ஓடுகிற புராஜெக்ட்டை விலைக்கு வாங்கத்தான் செய்வார்கள்.

பள்ளிகளுக்கு மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 2016-இல் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி. இப்போது பத்தாயிரம் பள்ளிகளில் இந்த ஆய்வகங்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளுக்குள் இன்னும் 50,000 அமைக்கப்படும் என்று 2025 பட்ஜெட் சொன்னது. நல்ல செய்தி. கூடவே ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் பார்த்த ஒரு பள்ளியில் ரோபோ பெட்டிகள் பிளாஸ்டிக் உறை கிழியாமல் கண்ணாடி அலமாரியில் அடுக்கி இருந்தன. உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டும் என்ற பயம். எரிந்துபோன பாகத்துக்கு விளக்கம் கேட்காத ஒரு பதிவேடு அந்த ஆசிரியருக்குக் கிடைத்தால் அலமாரி அடுத்த நாளே திறந்துவிடும்.

நள்ளிரவில் வரப்பில் நடக்க வேண்டாம்

விவசாயப் பம்புசெட்டுக்கான மும்முனை மின்சாரம் பகலில் கொஞ்சம், இரவில் கொஞ்சம் என்று பிரித்து வருவது கிராமத்தில் எல்லோரும் அறிந்தது. கரண்ட் வந்ததா என்று பார்க்க டார்ச்சோடு வரப்பில் நடப்பதும், பாம்புக்குப் பயந்து கால் வைப்பதும் பல வீடுகளின் அன்றாடம். இந்த இடத்தில் வீட்டு எலெக்ட்ரானிக்ஸ் செய்திருக்கும் காரியம் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிகிறது.

பழைய பட்டன் ஃபோன் ஒன்றை மோட்டார் கொட்டகையில் வைத்து, அழைப்பு வந்தால் தானே எடுக்கும்படி அமைத்துவிடுவார்கள். அதன் ஹெட்செட் வயரை எம்டி 8870 என்ற ஐசியோடு இணைப்பார்கள். ஃபோனில் எந்த எண்ணை அழுத்தினாலும் இரண்டு ஒலிகள் சேர்ந்து எழும். '1' என்றால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும். அந்த ஜோடியைக் கேட்டு எந்த எண் என்று இந்த ஐசி சொல்லிவிடும். அதன்பின் ஒரு ரிலே ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானுக்குப் பதிலாக வேலை செய்யும். வீட்டுத் திண்ணையில் படுத்தபடியே அழைத்து '1' அழுத்தினால் மோட்டார் ஓடும், '2' அழுத்தினால் நிற்கும். இன்று கடைகளில் 'மொபைல் ஸ்டார்ட்டர்' என்று தயாராகவே கிடைக்கிறது. அது வருவதற்கு முன்பே இதைத் தாமாகக் கட்டிப் பார்த்த பாலிடெக்னிக் பையன்கள் கொங்கு நாட்டிலும் டெல்டாவிலும் உண்டு.

கிணற்றில் தண்ணீர் வற்றியதும் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகுவது இன்னொரு கொடுமை. ஒரு முறை காயில் கட்ட ஆகும் செலவு சிறு விவசாயியின் ஒரு போகத்து மிச்சத்தைக் கரைத்துவிடும். இறைக்கத் தண்ணீர் இல்லாத மோட்டார் குறைவாகத்தான் மின்னோட்டம் இழுக்கும். அதை அளந்து நிறுத்தும் சின்னப் பலகை ஒன்று போதும். தாம்பரத்துச் சோப்பு டப்பாவும் இதுவும் ஒரே குடும்பம்தான்: தண்ணீர் இருக்கிறதா, இல்லையா என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

குழாய் வாஷரில் சுற்றிய காயில்

பொழுதுபோக்காக வானொலி வழியே பேசிக்கொள்ளும் ஹாம்களைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-இல் பிட்எக்ஸ் என்ற வானொலிப் பெட்டியின் வரைபடத்தை வெளியிட்டார். இந்தியச் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் பாகங்களை மட்டும் வைத்து, கண்டம் விட்டுக் கண்டம் பேசும் பெட்டி அது. அதில் ஒரு காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயில் போடும் வாஷரைப் பயன்படுத்தினார். உலகெங்கும் ஹாம்கள் அதைக் கட்டினார்கள்.

2004 டிசம்பர் 26 காலை சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, சிறப்பு அனுமதி பெற்று வந்த ஹாம் பாரதி பிரசாத் போர்ட் பிளேரில் இருந்தார். மற்றத் தொடர்புகள் அறுந்த நிலையில் அவருடைய நிலையம் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திகளைக் கடத்தியது. பொழுதுபோக்கு என்று வீட்டார் அலுத்துக்கொள்ளும் ஒரு வேலை ஒரே காலையில் உயிர்நாடியாக மாறியது. இந்தியாவில் 12 வயது நிரம்பினால் ஹாம் தேர்வு எழுதலாம் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

*பெட்டிச் செய்தி*
இவற்றைத் திறக்காதீர்கள்
மைக்ரோவேவ் அவன்: உள்ளே சுமார் 2,000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர் கொல்லும்.
பழைய டியூப் டிவி: படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல்.
உப்பிய லித்தியம் பேட்டரி: குத்தினாலும் வளைத்தாலும் தீப்பிடிக்கும். தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, அதைத் தொடவே கூடாது.
பவர் சப்ளை பலகை: 230 வோல்ட் ஏசி டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகும். அணைத்த பின்னும் கெபாசிட்டரில் தங்கும்.

பயம் தேவை, எங்கே என்று தெரிந்து

வீட்டில் தடை போடும் அம்மாக்களின் பக்கம் நியாயம் உண்டு. 230 வோல்ட் யாரையும் மன்னிக்காது. அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர்களில் டிரான்ஸ்ஃபார்மரின் மெயின் கம்பிகள் இன்சுலேஷன் டேப்கூடச் சுற்றாமல் திறந்து கிடப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அதற்கு வழி, பிள்ளையை மேஜையிலிருந்து விரட்டுவதல்ல. முதல் ஆண்டு முழுக்க ஃபோன் சார்ஜர் தரும் 5 வோல்ட்டும் பேட்டரியும் போதும். கற்க வேண்டியதில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. வீட்டு ஸ்விட்ச் போர்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். பிள்ளை எலெக்ட்ரானிக்ஸைத் தொடாவிட்டாலும் அது வீட்டுக்கு அவசியம்.

ஈயம் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. பற்றவைக்கும்போது எழும் புகை ஈயப்புகை என்று பயப்படுகிறார்கள். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகாது. புகை வருவது கம்பிக்குள் இருக்கும் பிசினிலிருந்து. அதுவும் மூச்சுக்கு நல்லதல்ல, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. ஜன்னலைத் திறந்து, ஒரு சின்ன ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். ஈயம் உடலுக்குள் போவது விரல் வழியாக. பற்றவைத்த கையோடு முறுக்கு எடுத்துத் தின்னக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அவ்வளவுதான்.

மூடிய பெட்டிகளின் காலம்

உலகம் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைக் கொட்டியது என்கிறது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம். மீதி எங்கே போனது என்று கேட்டால், ஒரு பகுதி நம் ஊர்க் காயலான் கடைப் பின்புறங்களில் வயர் எரியும் கரும்புகையாகப் போனது.

வீட்டு மேஜை இதை முழுவதும் மாற்றிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பத்தில் பல முறை கண்டன்சர்தான் காரணம் என்று தெரிந்த வீடு, புது ஃபேன் வாங்குவதற்கு முன் ஒரு முறை யோசிக்கும். முன்பெல்லாம் ரேடியோப் பெட்டியின் பின் அட்டையிலேயே சர்க்யூட் வரைபடம் ஒட்டியிருக்கும். இன்றைய ஃபோனில் பேட்டரியைக்கூடப் பசை போட்டு ஒட்டி விற்கிறார்கள். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை சட்டமாகவும் வர வேண்டும். பசையும் விசேஷத் திருகும் போட்டுப் பூட்டிய பெட்டி, பழுதை மட்டுமல்லாமல் ஒரு பிள்ளையின் ஆர்வத்தையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

மேஜை யாருக்கு?

கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக்கின் குழு செய்த 64 கிராம் செயற்கைக்கோள் 'கலாம்சாட்' 2017 ஜூனில் நாசாவின் ராக்கெட்டில் பறந்தபோது தமிழகமே கொண்டாடியது. அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் பங்களித்த 'ஆசாதிசாட்', 2022 ஆகஸ்டில் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணம் தவறியதால் தொலைந்தது. 2023 பிப்ரவரியில் அதன் அடுத்த வடிவம் சுற்றுப்பாதை சேர்ந்தது. தோற்று, மீண்டும் செய்து, ஜெயித்த அந்தப் பிள்ளைகளின் கதையை நாம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

ஆனாலும் வீட்டுக்குள் வந்தால், அண்ணன் ஃபேனைக் கழற்றினால் 'கெட்டிக்காரன்', தங்கை கழற்றினால் 'கையைச் சுட்டுக்குவே' என்ற பேச்சு இன்னும் போகவில்லை. தாம்பரத்துப் பெண்ணுக்கு மேஜை கிடைத்தது அவள் பாட்டியால். தையல் மிஷினை ஓரமாகத் தள்ளி, "இது உன் இடம், யாரும் கலைக்கக் கூடாது" என்று சொன்னவர் அவர்தான்.

நான் கிளம்பும்போது அவளுடைய ஃபோன் அடித்தது. கோயம்புத்தூரில் இருக்கும் சித்தி பையன். இதே சர்க்யூட்டை அப்படியே கட்டியிருக்கிறான்.

"அக்கா, தொட்டி ரொம்பிடுச்சு, அடிக்கவே மாட்டேங்குது."

"ரெண்டு கம்பியையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுப் பாரு."

"தொட்டா அடிக்குது."

"அப்ப போர்டு சரி. ஒரு டம்ளர்ல உங்க வீட்டுத் தண்ணி பிடிச்சு கம்பிய விடு."

"ம்ஹூம், சத்தமே இல்ல."

"ஒரு சிட்டிகை உப்பு போடு."

மறுமுனையில் ஸ்பூன் கலக்கும் ஓசை. அதைத் தொடர்ந்து ஃபோனைக் கிழித்துக்கொண்டு வந்தது 'கீ...'.

அவள் சிரித்தாள். "உங்களுக்கு சிறுவாணித் தண்ணிடா. உப்பே கெடையாது, கரண்ட் கடத்தாது. எங்க போர் தண்ணி மாதிரி இல்ல. இன்னொரு பிசி 547 வாங்கிட்டு வா, ரெண்டையும் எப்படிச் சேர்க்கணும்னு படம் போட்டு அனுப்புறேன்."

மேஜையில் இருந்த ரஃப் நோட்டைத் திருப்பி, பென்சிலைக் கூர் சீவ ஆரம்பித்தாள்.